கொலையாளியும் வினைவிகுதியும்: தமிழ்த் துப்பறியும் புனைவில் மரபும் சோதனையும்

துப்பறியும் புனைகதை, ஒரு செய்தியைக் கடைசி இயல்வரை வாசகரிடமிருந்து மறைத்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட இலக்கிய வகை. தமிழோ, செயலைச் சொல்லும்போதே செய்தவரையும் ஓரளவு சொல்லிவிடும் மொழி. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் ஆகிய நான்கையும் விகுதியில் ஏந்தி வருகிறது. இன்றைய வழக்கில் ஐந்தாவதாக மதிப்பும் அவ்விகுதியிலேயே ஏறியுள்ளது. நள்ளிரவில் மாடியறைக் கதவை 'ஒருவர்' திறக்க வேண்டிய காட்சியில் 'திறந்தான்' என்று எழுதிவிட்டால், வீட்டிலுள்ள பெண்கள் அனைவரும் அந்த இடத்திலேயே ஐயப்பட்டியலிலிருந்து நீங்கிவிடுவர். அதுவரை ஆசிரியர் 'ஆர்' விகுதி கொடுத்து எழுதிவந்த பெரியவரும், குடும்ப மருத்துவரும், வழக்கறிஞரும் உடன் நீங்குவர். எஞ்சுவோர் வீட்டின் இளைஞனும் சமையற்காரனும் காரோட்டியும் மட்டுமே. ஓர் ஈற்றசை பாதி வழக்கை முடித்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இச்சிக்கலின் வடிவம் வேறு. அங்கே வினை பால் காட்டாது. படர்க்கை ஒருமைப் பதிலிப்பெயர் மட்டுமே காட்டும். பதிலிப்பெயரைத் தவிர்த்துவிட்டால் ஆள் மறைந்துவிடுகிறார். தமிழில் எழுவாயை எளிதாக விட்டுவிடலாம்; ஆனால் எழுவாய் போன பின்னும் விகுதி நின்று சாட்சி சொல்கிறது. ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளும், அதற்கு முந்தைய ஆண்டில் வான் டைன் வகுத்த இருபது விதிகளும் குற்றவாளியை எப்போது அறிமுகப்படுத்துவது, தடயத்தை எவ்வாறு முன்வைப்பது என்பன பற்றி விரிவாகப் பேசுகின்றன. வினைமுற்றைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு எழவில்லை. தமிழ்த் துப்பறியும் புனைவின் மரபுகள் பெரும்பாலும் கதைப்பின்னல் நோக்கிலும் மேலைச் செல்வாக்கு நோக்கிலுமே பேசப்படுகின்றன. அம்மரபுகளில் பல தமிழ் வினைமுற்றோடு நடந்த போராட்டத்தில் பிறந்தவை என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கும் கோலார் தங்கவயல் இதற்குரிய ஒப்பீட்டுக் களமாகப் பிற்பகுதியில் கொள்ளப்படுகிறது.

ஐயக் கிளவி

இச்சிக்கலை முதலில் கண்டவர்கள் நாவலாசிரியர்கள் அல்லர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் அடுத்தடுத்து வரும் இரு நூற்பாக்கள் ஐயத்தை எவ்வாறு சொல்லாக்குவது என்பதற்கு விதி கூறுகின்றன. தொலைவில் தோன்றும் ஒருவர் ஆணா பெண்ணா எனத் தெரியாதபோது பன்மையாற் கூறுக என்பது முதல் விதி. தோன்றுவது மனிதனா, நட்ட கட்டையா என்று திணையிலேயே ஐயம் எழும்போது உருவைக் குறிக்கும் சொல்லாலோ அஃறிணைச் சொல்லாலோ கூறுக என்பது இரண்டாம் விதி. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டும் சரியாகத் தெரியாத ஒரு தோற்றத்தைக் கண்டு ஒருவர் ஐயுறும் காட்சியே. ஐயம் நீங்கித் தெளிந்தவிடத்துச் சொல்லும் முறையை அடுத்த நூற்பா கூறுகிறது. மங்கிய வெளிச்சத்தில் ஒரு தோற்றம், அதைப் பற்றிய ஐயம், பின்னர் தெளிவு: துப்பறியும் கதையின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது எனச் சொல்வது மிகையாகலாம். ஆயினும் அக்கதைக்கு வேண்டிய இலக்கணக் கருவி இரண்டும் அங்கே உள்ளன என்பதில் ஐயமில்லை.

அக்கருவிகளுள் ஒன்று காலப்போக்கில் வேறு வேலைக்குப் போய்விட்டது. பால் ஐயத்துக்குரிய பலர்பால் வடிவம் இன்று ஒருவரைக் குறிக்கும் மதிப்பு வடிவம் ஆகிவிட்டது. இன்றைய எழுத்தாளர் கொலையாளியின் பாலை மறைக்க 'வந்தார்', 'சுட்டார்' என்று எழுதினால் பால் மறையும். ஆனால் கொலையாளிக்கு மரியாதை செய்ததாகவும் ஆகும். அம்மரியாதையே துப்பாகவும் மாறும். ஐயப்பட்டியலில் 'ஆர்' பெறத் தகுந்தோர் யாவர் என்று வாசகர் எண்ணத் தொடங்கிவிடுவார். பாலை மறைத்தால் மதிப்பு வெளிப்படுகிறது. மதிப்பைக் குறைத்தால் பால் வெளிப்படுகிறது. இந்த இடுக்கியில் அகப்பட்ட தமிழ் எழுத்தாளர் இரண்டாம் கருவியைக் கையில் எடுத்தார்.

உருவம், மறுமுனை, கையுறை

தமிழ் மர்மக் கதையின் வாசகர் எவரும் 'உருவம்' என்ற சொல்லை அறிவர். 'அந்த உருவம் மதிலேறிக் குதித்தது', 'கறுப்பு உருவம் மெல்ல நகர்ந்தது' என்னும் பாங்கிலான வாக்கியங்கள் இவ்வகை எழுத்தின் முத்திரையாகவே ஆகிவிட்டன. இதைத் திறனாய்வாளர் சிலர் தேய்ந்த சொல்லாட்சி என்று ஒதுக்குவதுண்டு. தேய்ந்தது உண்மையே. ஆயினும் அது சோம்பலால் வந்த சொல் அன்று. திணை ஐயத்துக்கு இலக்கணம் ஒதுக்கிய வடிவத்தைப் பால் ஐயத்துக்கும் நீட்டித்ததன் விளைவு அது. 'உருவம்' வந்தவுடன் வினை 'அது' விகுதி பெறுகிறது. பால், மதிப்பு இரண்டும் ஒருசேர அணைந்துவிடுகின்றன.

அதே முறையின் கிளைகள் பல. உறுப்பும் உடைமையும் எழுவாயாகின்றன: கை நீண்டது, காலடி நின்றது, நிழல் விழுந்தது, கையுறை அணிந்த விரல்கள் பூட்டைத் துழாவின. தொலைபேசிக் காட்சியில் 'மறுமுனை' பேசுகிறது, சிரிக்கிறது, மௌனமாகிறது. இம் 'மறுமுனை' தமிழ்ப் பொழுதுபோக்கு எழுத்தின் அழகிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று. ஆங்கிலத்திலும் கம்பியின் மறுமுனையில் ஒருவர் இருப்பார். ஆனால் முனையே எழுவாயாகி வினை கொள்வது தமிழ் எழுத்தாளர் தம் தேவைக்காகச் செய்துகொண்டது. செயப்பாட்டு வினையும் இங்கே உதவுகிறது. 'கழுத்து நெரிக்கப்பட்டது' என்னும்போது நெரித்தவர் இலக்கணத்தில் இல்லை. தமிழ்ப் பேச்சில் அரிதாக வரும் செயப்பாட்டு வினை, குற்றப்புனைவிலும் குற்றச் செய்தியிலும் தாராளமாக வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றெனக் கருத இடமுண்டு.

எச்சங்களின் பயன் இவற்றினும் நுண்ணியது. வினையெச்சமும் பெயரெச்சமும் தொழிற்பெயரும் பால் காட்டா. எனவே வாக்கியம் முடியாதவரை தமிழ் இரகசியம் காக்கும். விளக்கை அணைத்து, செருப்பைக் கழற்றி, மூச்சை அடக்கி, படியேறி என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், முற்று வரவேண்டிய இடத்தில் வேறோர் அஃறிணை எழுவாயைக் கொணர்ந்து வாக்கியத்தை முடிக்கும் உத்தியை நல்ல எழுத்தாளர்களிடம் காணலாம். வினையெச்சத்தின் எழுவாயும் முற்றின் எழுவாயும் ஒன்றாதல் வேண்டும் என்ற விதியை இது மீறுவதுபோல் தோன்றும். உறுப்பு முதலின் வினையை ஏற்கும் என மரபிலக்கணமே இடம் தந்திருப்பதால் வாசகருக்கு அது உறுத்துவதில்லை.

முன்னோடிகளிடம் இந்த அளவு நெருக்கடி இல்லை. நடேச சாஸ்திரியாரின் தானவன் என்னும் போலீஸ் நிபுணன் பற்றிய கதைகள் 1894இல் வெளிவந்தன. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' (1908) துப்பறிவாளர் கோவிந்தனை அறிமுகம் செய்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவி ஏராளமாக எழுதினர். இவர்களின் கவர்ச்சி பெரும்பாலும் மாறுவேடத்திலும் சூழ்ச்சியிலும் சிறைமீட்பிலும் இருந்தது. தீயோர் யார் என்பது பல இடங்களில் வாசகருக்கு முன்பே தெரியும்; அவர்கள் எவ்வாறு அகப்படுவர் என்பதே ஆவல். எனவே விகுதி பெரிய தடையாக நிற்கவில்லை. யார் செய்தார் என்ற வினா மையத்துக்கு வந்த பிறகே இலக்கணம் எதிரியாயிற்று.

விகுதி யார் வாயில்?

இவ்வகைப் புனைவின் நேர்மை பற்றிய விவாதத்தில் தமிழுக்கென ஓர் அளவுகோல் தேவை. 'கொலையாளி', 'குற்றவாளி' என்னும் சொற்கள் பால் காட்டா; 'கொலைகாரன்' காட்டும். துப்பறிவாளர் ஒருவர் உரையாடலில் 'கொலையாளி இந்த வழியாகத்தான் தப்பித்திருக்கிறான்' என்று கூறி, இறுதியில் கொலையாளி பெண் என்று வெளிப்பட்டால், அதில் ஏமாற்று இல்லை; அது அப்பாத்திரத்தின் ஊகம். ஆண்பாலைப் பொதுவாக வழங்கும் உலக வழக்கும் அதற்குத் துணை. அதே 'தப்பித்தான்' ஆசிரியர் கூற்றாக வருமாயின் அது பொய்ச்சாட்சி. விகுதி யார் வாயிலிருந்து வருகிறது என்பதைக் கொண்டே வாசகருக்கு நியாயம் செய்யப்பட்டதா என்று தீர்மானிக்க வேண்டும். 'எ ஸ்காண்டல் இன் பொஹீமியா' (1891) கதையில் ஆணுடை தரித்த ஐரீன் அட்லர் இரவில் ஹோம்ஸைக் கடந்து போகும் காட்சியை மொழிபெயர்ப்பவர், வாட்சன் அந்த நொடியில் கண்டதை எழுதுகிறார் என்ற நிலையில் 'இளைஞன்', 'சென்றான்' என்று துணிந்து எழுதலாம். கதைசொல்லி படர்க்கையில் நிற்கும் நாவலில் அத்துணிவு கூடாது.

தன்மைக் கூற்று தரும் விடுதலை இதனால் விளங்கும். 'ஏன்' விகுதிக்குப் பாலும் இல்லை, மதிப்பும் இல்லை. சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968இல் குமுதத்தில் தொடராக வந்தபோது, கணேஷ் என்ற வழக்கறிஞரின் முதல் தோற்றம் என்பதற்காகவே பின்னர் பெரிதும் நினைக்கப்பட்டது. மொழிநோக்கில் அதன் சிறந்த சோதனை வேறு. சுநந்தா என்ற பெண்ணின் நாட்குறிப்புப் பகுதிகள் கதையின் இடையிடையே வைக்கப்படுகின்றன. படர்க்கையில் விரையும் புலனாய்வுக்கு நடுவே தன்மையில் தயங்கும் ஒரு குரல். தனக்குத் தானே எழுதுபவருக்கு எவருக்கும் மதிப்பு விகுதி கொடுத்துக் காட்ட வேண்டிய கடப்பாடு இல்லை. பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. மறைப்பு அங்கே தந்திரமாக அன்றி இயல்பாக அமைகிறது. சுஜாதாவின் சோதனை என்றவுடன் படியிறங்கும் செயலைக் காட்ட எழுத்துகளைப் படிபோல் சரித்து அச்சிட்டதையே பலரும் குறிப்பிடுவர். அது கண்ணுக்கு விருந்து. பின்வந்தோர் கையில் விரைவில் பழக்கமாகிச் சலித்துப்போனதும் அதுவே. வினைமுற்று இல்லாத துண்டு வாக்கியங்களையும், பேசுபவர் பெயரின்றி அடுக்கப்பட்ட உரையாடல்களையும் அவர் வழக்கில் நிலைநிறுத்தியது இலக்கணத்தைத் தொட்ட சோதனை. முற்று இல்லையேல் விகுதி இல்லை. விகுதி இல்லையேல் சாட்சியும் இல்லை.

'கொலையுதிர் காலம்' இன்னொரு படி மேலே செல்கிறது. அங்கே எழும் ஐயம் பால் ஐயம் அன்று, திணை ஐயம். தோன்றுவது ஆவியா, அறிவியலின் உதவியோடு மனிதர் செய்யும் வேலையா என்பதில் வஸந்த் ஒரு பக்கமும் கணேஷ் மறுபக்கமும் நிற்கின்றனர். தமிழில் பேய் 'வந்தது', பெண் 'வந்தாள்'. எந்த முற்றைத் தேர்ந்தாலும் ஒரு கட்சியில் சேர்ந்ததாகிவிடும். கட்டையா மனிதனா என்ற பழைய ஐயத்தின் நேர் வாரிசாக இந்நாவலைப் படிப்பது பொருத்தமாகும். ஆங்கிலத்தில் இதே ஐயத்தை எழுதுவோர் ஒரு பதிலிப்பெயரில் கவனமாக இருந்தால் போதும். தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் ஈற்றிலும் கவனம் வேண்டும்.

ராஜேஷ்குமார் வேறு வழி கண்டார். இரு தனிக் கதைகளை இயல் மாற்றி இயலாக ஓட்டி இறுதியில் இணைக்கும் அவரது அமைப்பு, 1980களின் மாத நாவல் பெருக்கத்தில் ஒரு மரபாகவே நிலைத்தது. அதை விறுவிறுப்புக்கான உத்தி என்று மட்டும் சொல்வது போதாது. இரு தடங்களிலும் செய்பவர் யார் என்பது பெரும்பாலும் வெளிப்படையாக இருக்கலாம். 'ஆன்', 'ஆள்' விகுதிகள் தயக்கமின்றி வரலாம். மறைக்கப்படுவது ஆள் அன்று. இரு தடங்களுக்கும் இடையிலான உறவு. உறவுக்கு விகுதி கிடையாது. தமிழ் வினைமுற்றால் காட்டிக்கொடுக்க முடியாத ஒன்றைத் தேடிப்பிடித்து அதை மறைபொருளாக்கியதே இவ்வமைப்பின் வலிமை. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது: இணைப்பு மட்டுமே மர்மம் ஆகும்போது பாத்திரங்கள் இணைப்புக்கான கொக்கிகளாகச் சுருங்கிவிடுகின்றனர்.

மொழிபெயர்ப்பாளருக்கு இரு எச்சரிக்கைகள் இங்கே பொருந்தும். அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' (1926) தன்மைக் கூற்றில் அமைந்தது. அதன் முழு மர்மமும் அடுத்தடுத்த வாக்கியங்களுக்கு இடையே சொல்லாமல் விடப்பட்ட சில நிமிடங்களில் இருக்கிறது. ஆங்கிலத்தின் சிறு வாக்கியங்களைத் தமிழ் இயல்புக்கேற்ப வினையெச்சத்தால் கோப்பதே நல்ல நடை என்று பொதுவாகக் கற்பிக்கப்படுகிறது. இந்நாவலில் அவ்வாறு கோத்தால் 'பார்த்துவிட்டு வெளியே வந்தேன்' என இடைவெளி அடைபட்டுப்போகும். கதைசொல்லி மறைத்தவர் என்ற நிலையிலிருந்து பொய் சொன்னவர் என்ற நிலைக்கு இறங்கிவிடுவார். நல்ல தமிழே இங்கே தவறான மொழிபெயர்ப்பு. சாரா காட்வெல் 1981 முதல் எழுதிய நான்கு நாவல்களின் கதைசொல்லியான பேராசிரியர் ஹிலரி டாமர் ஆணா பெண்ணா என்பது கடைசிவரை சொல்லப்படுவதில்லை. அவர் கூற்றுக்குத் தமிழில் தடை இல்லை; 'ஏன்' விகுதி காக்கும். பிறர் அவரைப் பற்றிப் பேசும்போதுதான் சிக்கல். எழுத்துத் தமிழில் 'ஹிலரி சொன்னார்' போதும். உரையாடலைப் பேச்சுத் தமிழில் தர முனைந்தால் 'சொன்னாரு' ஆணையும், 'சொன்னாங்க' ஒருமையில் பெரும்பாலும் பெண்ணையும் சுட்டும். எழுத்து வழக்கில் பால் மறைக்கும் மதிப்பு விகுதி பேச்சு வழக்கில் பால் காட்டும் விகுதியாகப் பிளவுபட்டுள்ளது. விளிகளும் உதவா, சார், மேடம், அண்ணா, அக்கா எதுவும் நடுநிலை வகிப்பதில்லை. பதவிப்பெயரைப் பற்றிக்கொள்வதே எஞ்சிய வழி.

மதிப்பு என்னும் தீர்ப்பு

பாலை மறைப்பதில் இத்துணை நுட்பம் காட்டிய இவ்வகை எழுத்து, மதிப்பு விகுதியைப் பற்றி அதே அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் ஆசிரியர் கூற்றில் 'ஆர்' பெறுபவர். வாசகர் அண்ணாந்து பார்க்க வேண்டியவர். கணேஷும் வஸந்தும் 'ஆன்' பெற்றனர். அவர்கள் வாசகரின் தோளில் கைபோட்டவர்கள். இம்மாற்றம் தமிழ்த் துப்பறியும் புனைவின் வரலாற்றில் ஒரு திருப்பம். ஆனால் துப்பறிபவருக்கு 'ஆன்' நெருக்கம் ஆனதுபோல் ஏவலருக்கு ஆகவில்லை. வயது முதிர்ந்த தோட்டக்காரனும் காவல்காரனும் கூலியாளும் 'ஆன்' பெறுவது நெருக்கத்தால் அன்று. தொழிலதிபர் 'ஆர்' பெற்று நடமாடி, கடைசி இயலில் குற்றம் வெளிப்பட்டதும் ஒரே பத்தியில் 'ஆன்' ஆகிவிடுவது இவ்வகை எழுத்தில் எழுதப்படாத சடங்கு. தண்டனையை நீதிமன்றத்துக்கு முன்பே விகுதி வழங்கிவிடுகிறது. நாளிதழ்க் குற்றச் செய்தியிலும் முதல் நாள் 'அவர்' ஆக இருந்தவர் கைதான மறுநாள் 'அவன்' ஆவதைக் காணலாம். சட்டத் தமிழோ 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றே நிற்கிறது. தீர்ப்புக்கு முன் மதிப்பைப் பறிக்காத அந்த வழக்கு, புனைவுக்குக் கிடைக்காத ஒரு நாகரிகம்.

அதைவிடப் பெரிய கேள்வி, தொடக்கத்திலிருந்தே 'ஆன்' பெற்றவர்களைப் பற்றியது. கடைசியில் அவர்கள் நிரபராதிகள் என்று தெரிந்தாலும் அவர்கள் விகுதி உயர்வதில்லை. தொழிலதிபருக்கு இறங்கத் தெரிந்த விகுதிக்குத் தோட்டக்காரனுக்காக ஏறத் தெரியவில்லை.

தங்கவயல்: மூன்று மொழி, ஒரு சாட்சி

இக்கேள்வி கூர்மையடையும் இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கையில் வளரத் தொடங்கி, 1956இல் அரசுடைமையாகி, பின்னர் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் இயங்கி, 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட சுரங்கங்கள் அவை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் கொண்டது. வடஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், அங்கே தலைமுறைகளாக உழைத்தனர். தங்கம் எடுக்கும் ஊரில் தொழிலாளி ஒவ்வொருவரும் நிருவாகத்தின் கண்ணுக்கு ஐயத்துக்குரியவரே. ஜானகி நாயர் கோலாரில் குற்றம், உழைப்பு, தண்டனை மூன்றும் பின்னிய முறையைத் தம் ஆய்வுகளில் விரிவாக எழுதியுள்ளார். 1930இல் அங்கு நடந்த பெரிய வேலைநிறுத்தம் தொழிலாளரின் விரல்ரேகையைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டை எதிர்த்தது. துப்பறியும் நாவலில் விரல்ரேகை அறிவியலின் வெற்றிச் சின்னம். உண்மையான குற்றவாளியைக் காட்டி நிரபராதியைக் காக்கும் கருவி. மாரிகுப்பத்துக்கும் ஊரிகத்துக்கும் அது குற்றம் நடக்கும் முன்பே எல்லார் மீதும் விழும் ஐயமாகத் தோன்றியது. ஒரு மரபின் பொருள் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதால் தலைகீழாவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதே ஊரில் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றியது. 1907 முதல் 1914 வரை அவர் நடத்திய 'தமிழன்' இதழுக்கு அங்கே வாசகர் இருந்தனர். அவர் எழுத்துகளைத் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை பின்னர் வெளியிட்டது. மதிப்பைச் சொல்லில் கோரிய ஒரு மரபைச் சேர்ந்த வாசகர், கூலியாளுக்கு ஆசிரியர் இயல்பாக இட்டுச்செல்லும் 'ஆன்' விகுதியை வெறும் இலக்கணமாகப் படிப்பார் என எதிர்பார்க்க முடியாது. 2018இலும் 2022இலும் வெளிவந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் ஓடிய கன்னடத் திரைப்படங்கள் இவ்வூரின் பெயரை உலகறியச் செய்தன. அவை காட்டியது கும்பல் தலைவர்களின் கற்பனை நாடு. சுரங்கத்தில் நடந்த குற்றத்தையும் சாட்டப்பட்ட குற்றத்தையும் பிரித்துப் பார்க்கும் துப்பறியும் நாவல் அந்த மண்ணிலிருந்து எழுதப்படுமாயின், அது முதலில் தீர்க்க வேண்டியது கொலை மர்மத்தை அன்று, ஆசிரியர் கூற்றின் விகுதியை. அனைவருக்கும் 'ஆர்' கொடுப்பது எளிய விடை. பால் மறைப்பும் கூடவே கைகூடும். மதிப்பு எல்லாருக்கும் பொதுவானால் அது துப்பாகாது. பழைய பலர்பால் வடிவம் தன் முதல் வேலைக்குத் திரும்பிவரும் வழி இதுவாக இருக்கலாம்.

தங்கவயலின் பன்மொழிச் சூழல் மொழியியலாளருக்கு இன்னொன்றையும் வழங்குகிறது. தெலுங்குப் படர்க்கை ஒருமையில் ஆண்பாலுக்கு ஒரு வடிவம், ஏனைய அனைத்துக்கும் மற்றொரு வடிவம். 'வச்சாடு' என்றால் அவன் வந்தான். 'வச்சிந்தி' என்றால் அவள் வந்தாள், அல்லது அது வந்தது. தமிழர் 'உருவம்' என்ற சொல்லைத் தேடிச் சென்று பெறும் மறைப்பு, பெண் கொலையாளியைப் பொறுத்தவரை தெலுங்கு எழுத்தாளருக்கு விகுதியிலேயே கிடைக்கிறது. பெண்ணா பேயா என்ற ஐயத்தை அவர் எவ்வளவு பக்கங்களுக்கும் நீட்டலாம். எண்டமூரி வீரேந்திரநாத்தின் திகில் நாவல்கள் தமிழில் பெருவரவேற்புப் பெற்றவை. அத்தகைய எழுத்தைப் பெயர்ப்பவர் ஒவ்வொரு 'இந்தி' விகுதியிலும் 'ஆள்' என்றோ 'அது' என்றோ தீர்ப்பெழுதியாக வேண்டும். மலையாளத்தில் 'வந்நு' எவருக்கும் எதற்கும் பொது. கோட்டயம் புஷ்பநாத்தின் துப்பறியும் நாவல்களைத் தமிழாக்குபவர், மூல ஆசிரியர் எங்குமே எழுதாத விகுதியைப் பக்கந்தோறும் தாமே எழுதிச் சேர்க்கிறார். எதிர்த்திசையில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது சுமை இறங்குகிறது. பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் 2008இல் சென்னையில் வெளிவந்த தமிழ் வெகுசனப் புனைகதைத் தொகுப்பு போன்றவற்றைப் படிக்கும் ஆங்கில வாசகருக்கு, தமிழ் மூலத்தில் ஒரு தொழிலதிபர் 'ஆர்' நிலையிலிருந்து 'ஆன்' நிலைக்கு வீழும் ஓசை கேட்க வழியில்லை. அதை வேறு வகையில் ஈடுசெய்வது மொழிபெயர்ப்பாளரின் பணி. அடைமொழி, பட்டம், பெயரைச் சுருக்கி அழைத்தல் ஆகியவை கைகொடுக்கலாம்.

கன்னடம் இவ்விடயத்தில் தமிழுக்கு மிக நெருங்கியது. 'பந்தனு', 'பந்தளு', 'பந்தரு' என்ற மூன்றும் தமிழின் மூன்றுக்கு நேர். நெருக்கம் இருப்பதாலேயே பிழை கண்ணுக்குப் படாமல் நுழைகிறது. தங்கவயலின் தெருவில் இரவுக் காட்சி ஒன்றைக் கண்ட தமிழ்த் தொழிலாளி ஒருவர் காவல் நிலையத்தில் 'யாரோ போனாங்க' என்று சொல்வதாகக் கொள்வோம். அவ்வாக்கியத்தில் பாலும் இல்லை, ஒருவரா பலரா என்பதும் இல்லை. ஐயக் கிளவி என்று தொல்காப்பியர் வகுத்த வடிவத்தின் பேச்சு வழக்கு அது. பதிவு கன்னடத்தில் எழுதப்படும். எழுதுபவர் அதை 'யாரோ ஹோதரு' என்று வைத்தால் ஐயம் ஐயமாகவே நிற்கும். அலுவலக நடைக்கு அது தளர்வாகத் தோன்றி 'ஒப்ப வ்யக்தி' என்று எழுதினால் எண் ஒன்றாகிவிடும்; 'ஒப்ப' என்ற சொல் ஆண்பாலை நோக்கியும் சாயும். வாக்கியத்தை முடிக்க 'ஹோதனு' எளிதாக வந்து சேரும். அப்பதிவை வழக்குக்காகத் தமிழில் பெயர்ப்பவர் 'ஒருவன் போனான்' என்று எழுதுவார். அவர் முன்னுள்ள மூலத்துக்கு அது முற்றிலும் நேர்மையான மொழிபெயர்ப்பாகவே இருக்கும்.